கேட்டால் கொடுக்க வேண்டும்

எங்கள் தீவுக்கு விமானம் வருகிற நாளில் முதலில் கேட்பது விமானத்தின் சத்தம் அல்ல, என் அண்ணி தாவோரிபாவின் குரல். ஓடுதளம் முழுக்கப் பன்றிகள் படுத்துக் கிடக்கும். பவழக்கல்லைக் கொட்டி நிரவிய அந்தத் தரை அவற்றுக்கு என்ன சுகமோ தெரியவில்லை, தீவில் இத்தனை தென்னை நிழல் இருந்தும் தூக்கம் அங்கேதான். அவற்றை விரட்டுவது அண்ணியின் வேலை. அரசாங்கச் சம்பளம், அரசாங்கச் சட்டை, கையில் ஒரு தென்னை மட்டை. மட்டையை அவள் ஓங்கி நான் பார்த்ததில்லை. வாயே போதும்.

"ஏ குண்டி பெருத்தவளே, எந்திரி! மந்திரி எறங்குற எடத்துலயா மல்லாந்து கெடப்ப? பின்னாடியே குட்டிப் பட்டாளம் வேற! உன் புருஷன் எங்கடி, அவனும் தலைநகர்ல வேலைன்னு போயிட்டானா?"

பன்றிகள் எழுந்து போகும். ஓடுதளத்து ஓரத்தில் நிற்கும் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். விமானம் இறங்கும்.

இது என் அண்ணன் கமோரிக்கி உயிரோடு இருந்த காலத்துக் கதை. அவன் போன பிறகும் அவள் பன்றி விரட்டினாள், ஆனால் "ஹோய், ஹோய்" என்பதோடு சரி. வசவு இல்லை, கேலி இல்லை. தீவிலேயே பெரிய வாய்க்காரி எப்படி ஊமை மாதிரி ஆனாள், அந்த வாயை அவளிடமிருந்து எடுத்தவன் யார், அவனுக்கு அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். செத்தது என் அண்ணன்.

எங்கள் நாட்டில் நிலம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். என் வீட்டு வாசலில் நின்று துப்பினால் காயலில் விழும், கொல்லையில் நின்று துப்பினால் பெருங்கடலில் விழும். கடல் மட்டும் எங்களுக்கு ஏராளம். அதில் சூரை மீன் ஏராளம். அந்த மீனைப் பிடிக்க எங்கெங்கிருந்தோ பெரிய கப்பல்கள் வரும், அதற்காக அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டும். ஆசிரியர் சம்பளமும் ஆஸ்பத்திரி டீசலும் அந்தக் கட்டணத்திலிருந்துதான். கப்பல்காரர்கள் பிடித்ததைப் பிடித்ததாகச் சொல்கிறார்களா, பிடிக்கக்கூடாத இடத்தில் வலை போடுகிறார்களா என்று பார்க்க எங்கள் ஆள் ஒருவன் ஒவ்வொரு கப்பலிலும் ஏறிப் போவான். கமோரிக்கிக்கு அந்த வேலை. ஒரே ஒருத்தன், அவர்கள் கப்பலில், அவர்கள் சோற்றைத் தின்றுகொண்டு, அவர்கள் மேலேயே புகார் எழுத வேண்டும். அப்படி ஒரு வேலையைக் கண்டுபிடித்தவனை ஒருநாள் அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டிருக்க வேண்டும்.

கமோரிக்கி லேசில் வளைகிற ஆள் இல்லை. "கண்ண மூடிக்கோன்னு சொல்றாங்க மேரே, ஒரு பெட்டி பீரும் தர்றாங்க. பீரைக் குடிச்சிட்டுக் கண்ணத் தொறந்துதான் வச்சிருந்தேன்," என்று தங்கச்சியான என்னிடம் சொல்லிச் சிரித்தான். அதுதான் அவன் ஏறிய கடைசிக் கப்பலுக்கு முந்தைய கப்பல்.

கடைசிக் கப்பல் அவனை மீனோடு மீனாக ஐஸ் அறையில் வைத்துத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு வந்தது. நடுக்கடலில் கணக்கில் காட்டாமல் இன்னொரு கப்பலுக்கு மீனை மாற்றிக்கொண்டிருந்ததை அவன் பார்த்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. தளத்தில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று தலைநகரத்து அலுவலகம் சொன்னது. கப்பலில் ஏறிப் பார்த்து, அப்படித்தான் என்று முத்திரை குத்தியவன் பெனியாட்டா.

பெனியாட்டா வேறு யாரும் இல்லை, அண்ணிக்குப் பெரியப்பா மகன். ஒரே வளவில் வளர்ந்தவர்கள். அவனுக்கு அண்ணி முதுகு தேய்த்துவிட்டிருக்கிறாள், அவன் இவளுக்கு இளநீர் பறித்துப் போட்டிருக்கிறான். எனக்கு மச்சான் முறை. படிப்பில் கெட்டி, வெளிநாட்டில் படித்தான், வெளியுறவு வேலையில் சேர்ந்தான். தீவுக்கு வந்தால் தரையில் உட்காரும் முன் கைக்குட்டை விரிப்பான். அதற்காகவே நான் அவனை வெறுத்திருப்பேன், ஆனால் அவன் அதைவிட நல்ல காரணம் கொடுத்தான்.

உடம்பைக் குளிப்பாட்டியது அண்ணியும் நானும். பின்மண்டை பிளந்திருந்தது. வலது கை விரல்கள் நாலும் ஒடிந்திருந்தன. அண்ணி அந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தாள். "வழுக்கி விழுந்தவன் கையால எதை மறைச்சான் மேரே?" என்று கேட்டாள். அடியைத் தடுக்கத் தலைமேல் கை வைத்திருக்கிறான். அது எனக்கும் புரிந்தது. நான் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. "எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டப்போறேன். வானொலிக்காரனக் கூப்பிடுவேன். அந்தக் கப்பல் இந்தக் கடல்லயே மெதக்கக் கூடாது," என்றாள். அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அழுகை நின்றுவிட்டது. செய்வாள் என்று நம்பினேன்.

அப்போது பெனியாட்டா உள்ளே வந்தான். வாசலில் இரண்டு அரிசி மூட்டை இறக்கியிருந்தான். வந்தவன் அண்ணியின் காலடியில் உட்கார்ந்தான், கைக்குட்டை விரிக்காமல்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொந்தக்காரன் ஒருவன் முகத்துக்கு நேரே வந்து "புபுசி" என்று சொல்லி ஒன்றைக் கேட்டால் மறுக்கக் கூடாது. என் புதுச் சைக்கிள் அப்படித்தான் போயிற்று. என் சித்தி மகள் கேட்டாள், கொடுத்தேன், அவள் ஏறிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. வேண்டுமானால் பிறகொரு நாள் அவளிடம் போய் வேறொன்றைக் கேட்கலாம், நான் அவள் தையல் மெஷினைக் கேட்டு வாங்கினேன். மறுத்தவனை யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் அவன் செத்தால் தூக்க ஆள் வராது. அவ்வளவுதான்.

"தங்கச்சி," என்றான் பெனியாட்டா. "எனக்கும் தெரியும். துணைக் கேப்டன் இரும்புக் கொக்கியால அடிச்சிருக்கான். அவங்களே என்கிட்ட ஒத்துக்கிட்டாங்க. ஆனா இந்த வாரந்தான் கட்டணப் பேச்சு நடக்குது. இது வெளிய போனா அத்தனை கப்பலும் பக்கத்து நாட்டுக் கடலுக்குப் போயிரும். ஆஸ்பத்திரிய மூடணும். பள்ளிக்கூடத்த மூடணும். நம்மகிட்ட பீரங்கியா இருக்கு? கப்பல் படையா இருக்கு? அவங்களோட மொறைச்சுக்க முடியுமா?"

"நீ எதுக்கு வந்திருக்க, அதச் சொல்லு."

"உன் வாயை எனக்குக் குடு. புபுசி."

நான் கையிலிருந்த தண்ணீர்ச் சட்டியை அவன்மேல் எறிந்தேன். அவன் துடைத்துக்கொள்ளக் கூட இல்லை, அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஈரத்துணியைப் பிழிந்து வைத்தாள். பிறகு, புருஷனின் ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டே, "குடுத்தேன்," என்றாள்.

வீட்டுக்காரி கொடுத்தால் அந்த வீடே கொடுத்த மாதிரி. என் வாயும் அதோடு போயிற்று. ஊருக்கே விஷயம் தெரியும், குளிப்பாட்டின தண்ணீரோடு சேர்ந்து அதுவும் கசிந்துவிட்டது. ஆனால் சபையில் வைத்துச் சொல்ல ஆள் இல்லை. அண்ணனைப் புதைத்தோம். அரிசியைச் சமைத்து வந்தவர்களுக்குப் போட்டோம். கட்டணப் பேச்சு நல்லபடியாக முடிந்தது என்று வானொலி சொன்னது. பெனியாட்டாவுக்குப் பதவி உயர்வு.

அதன்பிறகு அவன் தீவுப் பக்கமே வரவில்லை. நான் அண்ணியை நச்சரிப்பேன். "தலைநகருக்குப் போ அண்ணி. அவன் ஆபீஸ்ல போய் நில்லு. அவனோட வீட்டக் கேளு, காரைக் கேளு, கட்டியிருக்கிற வேட்டிய அவுத்துக் குடுன்னு கேளு!"

"ஆபீஸ்ல கேட்டா டீ குடுத்து, அடுத்த வாரம் வான்னு அனுப்பிருவான். அங்க புபுசியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, எல்லாத்துக்கும் விதி இருக்கும். அவன் இங்க வரட்டும்."

"எதுக்கு வரப்போறான்?"

"ஏதாவது தேவைப்படும்ல. வருவான்."

இதைச் சொல்லிவிட்டு அவள் தாழை ஓலையைக் கிழித்துப் பாய் முடைய உட்கார்ந்துவிடுவாள். என் மகள் பெரியவளாகிவிட்டாள், அண்ணியின் தலை நரைத்துவிட்டது, அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மறந்துவிட்டாள் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் விமானம் வருகிற ஒவ்வொரு நாளும் அவள் பன்றிகளை விரட்டிவிட்டு, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பாள். மறந்தவள் அப்படிப் பார்க்க மாட்டாள்.

இதற்கிடையில் எங்கள் நாட்டின் நிலைமை இரண்டு பணக்காரச் சம்பந்திகளிடம் மாட்டிக்கொண்ட ஏழை வீடு மாதிரி ஆகிவிட்டது. தெற்கே ஒரு பெரிய நாடு, வடக்கே ஒரு பெரிய நாடு. தெற்குக்காரன் மழைநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தால் வடக்குக்காரன் மைதானத்துக்கு விளக்குப் போடுவான். வடக்குக்காரன் மருந்து அனுப்பினால் தெற்குக்காரன் மருத்துவரையே அனுப்புவான். ஒருத்தன் வீட்டில் காபி குடித்தால் இன்னொருத்தன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிக் காட்டி வாய் வலித்துப் போனார்கள். நாங்கள் பாயில் உட்கார்ந்து இதைப் பேசிச் சிரிப்போம். சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள்மேல் அவர்களுக்கு ஆசை ஒன்றும் இல்லை. நாங்கள் இருக்கிற இடத்தின்மேல்தான் ஆசை.

அந்த ஆசை ஒருநாள் எங்கள் தீவுக்கே வந்தது. காயலின் வாயில், ஆழம் இருக்கிற இடத்தில், ஒரு துறைமுகம் கட்டித் தருவதாக வடக்குக்காரன் சொன்னான். என் அண்ணனைக் கொண்டுவந்த கப்பலும் அவன் நாட்டுக் கொடியைத்தான் பறக்கவிட்டிருந்தது. துறைமுகம் மீன்பிடிக் கப்பலுக்கு என்று பேச்சு. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், அவன் ரோந்துக் கப்பல்களும் நினைத்தபோது வந்து நிற்கலாம், நம் கடலை அவர்கள் 'பாதுகாப்பார்கள்' என்று இருந்ததாம். அந்த நிலம் அண்ணியின் அப்பா வழி நிலம். அந்த வம்சத்தில் தீவில் மிஞ்சியிருந்த மூத்தவள் அவள்தான். அவள் சரி என்றால்தான் கல் ஊன்ற முடியும்.

ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிறவன் பெனியாட்டா, இப்போது வெளியுறவுச் செயலாளர். முடித்துவிட்டால் வடக்கு நாட்டுக்கே அவனைத் தூதராக அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. தேவைப்படும், வருவான் என்றாளே, வந்தான்.

விமானம் வருகிற காலையில் ஊரே ஓடுதளத்தில். பன்றிகளை அண்ணி ஓடுதளத்திலேயே விட்டுவிடுவாள், விமானம் வந்த வழியே திரும்பிப் போகும் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது, ஒரு நல்ல கொழுத்த பன்றியை மனசில் குறித்துக்கூட வைத்திருந்தேன். அண்ணியோ விடிந்ததிலிருந்து தளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள். ஒரு குட்டியைக்கூட விடவில்லை.

"என்ன அண்ணி, மாப்பிள்ளையா வர்றான்?"

"அவன் பத்திரமா எறங்கணும் மேரே," என்றாள். "ஒரு கீறல் படாம எறங்கணும்."

மனியாபாவில் சபை கூடியது. மனியாபா என்றால் எங்கள் ஊர்க்கூடம், சுவரே இல்லாத பெரிய கூரை. யார் எங்கே உட்கார வேண்டும் என்பது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தீர்மானம். வடக்குக்காரர்கள் ஆறேழு பேர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கால் மரத்துப்போய் நெளிந்துகொண்டிருந்தார்கள். தலையில் பூ முடி, கழுத்தில் விருந்தாளி மரியாதைக்கு நாங்கள் அடித்த பவுடர். அவர்களில் ஒரு பெண் எங்கள் மொழியை நன்றாகப் படித்திருந்தாள். நாங்கள் பேசுவதை அவர்கள் தலைவர் காதில் அவள்தான் சொன்னாள். பெனியாட்டா அவர்களோடு உட்காராமல் தன் வம்சத்துக்கு உரிய இடத்தில், அண்ணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். நான் உங்களில் ஒருத்தன் என்று காட்டுகிறானாம். தொப்பை விழுந்திருந்தது. முகம் மட்டும் அதே முகம்.

வாய் கிழியப் பேசினான். சிறிய நாட்டுக்குப் பெரிய நண்பன் வேண்டும் என்றான். கடல் மட்டம் ஏறுகிறது, துறைமுகத்தோடு அலைச்சுவரும் வரும் என்றான். அவன் சொன்னதில் பாதி நிஜம், அதுதான் எரிச்சல்.

சபையின் மூத்தவர் பவுரோ கிழவர் கேட்டார். "ரோந்துக் கப்பல் யாரப் பாத்து ரோந்து போகும் தம்பி? எங்க மீன எடுக்கிறவனையா, இல்ல எங்களையா?"

"திருடங்களப் பாத்துதான் பெரியப்பா."

"அவங்க வீட்டுத் திருடன அவங்களே புடிப்பாங்களா?"

சபை சிரித்தது. கிழவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு குடித்து முடித்த இளநீர்க் காய்களை உருட்டினார்கள். காரியம் வழுக்குகிறது என்று பெனியாட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தான். வெளிநாட்டில் படித்த மூளை செய்யாது, எங்கள் ஊர் மூளைதான் செய்யும். வடக்குக்காரர்கள் பக்கம் திரும்பி, எங்கள் நாட்டு வழக்கத்தைப் பெருமையாக விளக்கினான். சொந்தக்காரன் சபையில் கேட்டால் மறுப்பே கிடையாது, மறுத்தவனை இந்த மண்ணில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள், இப்போது பாருங்கள் என்றான். அந்தத் தலைவர் முகம் மலர்ந்து கையைத் தட்டினார். பிறகு பெனியாட்டா அண்ணியைப் பார்த்தான்.

"தங்கச்சி, காயல் வாயில இருக்கிற அந்த நிலத்த எனக்குக் குடு. புபுசி."

இரண்டாம் தடவை. அதே ஆள், அதே சொல். 

"குடுத்தேன்," என்றாள் அண்ணி. யோசிக்கக்கூட இல்லை.

சபையில் ஒரு முனகல் எழுந்தது. எனக்கு அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. புருஷனையும் கொடுத்து, வாயையும் கொடுத்து, இப்போது நிலத்தையுமா? வடக்குக்காரர்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக் கொண்டார்கள். பெனியாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டான், பொய்க் கண்ணீர் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

"இப்ப நான் கேக்கறேன் அண்ணே," என்றாள் தாவோரிபா.

பவுரோ கிழவர் காதில் கை வைத்து முன்னால் சாய்ந்தார்.

"அன்னிக்கு என் வாயக் கேட்ட. குடுத்தேன். அதத் திருப்பிக் கேக்க மாட்டேன், அது மொறை இல்ல. இன்னிக்கு நிலத்தக் கேட்ட. அதையும் குடுத்தேன். இப்ப உன் வாய எனக்குக் குடு. புபுசி."

மொழி தெரிந்த அந்தப் பெண் அதைத் தலைவர் காதில் சொன்னாள். இதுவும் வழக்கத்தில் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, அவர் மறுபடியும் கை தட்டினார்.

பெனியாட்டா என்ன நினைத்தான் என்பது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. பழிக்குப் பழியாக என்னை ஊமையாக்கப் பார்க்கிறாள், இந்தத் தீவில் இனிமேல் பேசாவிட்டால் எனக்கென்ன, காரியம்தான் முடிந்துவிட்டதே என்று கணக்குப் போட்டான். ஒருவகையில் அவனுக்கு நிம்மதி. மறுக்கவும் வழியில்லை, மறுப்பே கிடையாது என்று இப்போதுதான் அவனே விளக்கியிருந்தான்.

"சபை கேக்குது," என்றார் பவுரோ கிழவர். "குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேன்," என்றான், சிரித்துக்கொண்டே.

அண்ணி எழுந்தாள். கூடத்தின் குறுக்கே நடந்து போய் அவன் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். வடக்குக்காரர்களைப் பார்த்தாள். எந்தக் குரலுக்கு ஓடுதளத்துப் பன்றிகள் எழுந்து ஓடுமோ, அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

"நான் பெனியாட்டா. இது என் வாய். என் தங்கச்சி புருஷன் கமோரிக்கிய உங்க கப்பல்ல இரும்புக் கொக்கியால அடிச்சுக் கொன்னாங்க. துணைக் கேப்டன் அடிச்சான். கமோரிக்கி தலைமேல கைய வச்சுத் தடுத்தான், விரல் ஒடிஞ்சுது. நீங்க என்கிட்ட ஒத்துக்கிட்டீங்க. நான் வழுக்கி விழுந்தான்னு முத்திரை குத்தினேன். அந்த வாரம் கட்டணப் பேச்சு, அதனால குத்தினேன். அந்தக் கைய நீட்டித்தான் பதவி வாங்கினேன். அவன் பொண்டாட்டி கத்தாம இருக்க அவ வாயப் பறிச்சேன். உடம்ப இன்னும் குளிப்பாட்டி முடிக்கல, அப்பப் பறிச்சேன்."

அந்தப் பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். தலைவர் அவள் முழங்கையைத் தட்டினார். அவள் தாழ்ந்த குரலில் மீதியையும் சொன்னாள். கை தட்டல் இல்லை இந்தத் தடவை.

தலைவர் பெனியாட்டாவைப் பார்த்து ஏதோ கேட்டார். செயலாளர் இதை மறுத்துச் சொல்லட்டும் என்கிறார் என்றாள் அந்தப் பெண். எல்லோரும் பெனியாட்டாவைப் பார்த்தோம். அவன் உதடு பிரிந்தது. அவனுக்கும் அடித்திருந்த பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்தது.

"பொத்து," என்றார் பவுரோ கிழவர். "அது அவ வாய்."

"மச்சான்," என்றேன் நான். எத்தனை வருஷம் தொண்டையில் அடைத்துக் கிடந்தது. "கைக்குட்டை வேணுமா?"

அவன் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் பொய்யன் என்பதோடு போயிருக்கும். ஆனால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டவன் என்று ஆகியிருப்பான், அதுவும் கொடுத்த பாயைவிட்டு எழுவதற்குள். அந்தத் தைரியம் அவனுக்கு இல்லை. எவ்வளவு படித்தாலும் எங்கள் ஊர்க்காரன்தானே. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெயரில் அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள். கமோரிக்கி எப்படிச் சிரிப்பான், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்றெல்லாம். "அவன் என்னைவிட நல்லவன், நான் பெனியாட்டா சொல்றேன்," என்று முடித்தாள்.

நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிலம் பெனியாட்டாவுடையது. சபையறியக் கொடுத்தாயிற்று, அதில் மாற்றமே இல்லை. ஆனால் அதை வடக்குக்காரனுக்கு எடுத்துக் கொடுக்க அவன் சபையில் வாய் திறந்து சொல்ல வேண்டுமே. மாலை விமானத்துக்கு அவர்கள் கிளம்பினார்கள். அண்ணி போய் ஓடுதளத்தைச் சுத்தம் செய்தாள். அன்றைக்கு நான் மறுபடியும் அந்தக் குரலைக் கேட்டேன்: "எந்திரிடி மகாராணி! தூதர் ஊருக்குப் போறாரு, வழி விடு!" நான் மணலில் உட்கார்ந்து, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் கிடந்தேன்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் கப்பல்களில் பாதி பக்கத்து நாட்டுக் கடலுக்குப் போய்விட்டன, பெனியாட்டா சொன்னது போலவே. ஆசிரியர்களுக்குச் சம்பளம் தாமதமானது. மருந்தகத்தில் குளிர்பெட்டி அடிக்கடி நின்றது. அண்ணியின் முகத்துக்கு நேரேயே திட்டியவர்கள் உண்டு. "உன் ஒரு புருஷனுக்காக நாங்க ஏன் பட்டினி கெடக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள். "உன் புருஷன் கப்பல் ஏறும்போது இதயே கேளு," என்றாள் அண்ணி. கொஞ்ச நாளில் தெற்குச் சம்பந்தி ஒரு ரோந்துப் படகைத் தூக்கிக்கொண்டு பல் தெரிய வந்துவிட்டான், அவன் கையிலும் ஒரு ஒப்பந்தம், அதற்கும் ஒரு கடைசிப் பக்கம். எங்கள் ஆட்கள் அதை மூன்று தடவை படித்துவிட்டு, நான்காவது தடவை படித்துக்கொண்டிருக்கிறார்கள். கப்பலில் இப்போது எங்கள் ஆள் தனியாக ஏறுவதில்லை, இருவராக ஏறுகிறார்கள். அந்த ஒன்று மட்டும் என் அண்ணன் சம்பாதித்துக் கொடுத்தது.

பெனியாட்டா தூதராகப் போகவில்லை. தலைநகரில் அவன் பேசத்தான் செய்தான், பேசாமல் எப்படி. ஆனால் எங்கள் நாடு சின்ன நாடு, எல்லாத் தீவுக்காரனும் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறான். அவன் கூட்டத்தில் வாயைத் திறந்தால் பின்வரிசையிலிருந்து யாராவது, "ஐயா, தங்கச்சிகிட்டக் கேட்டீங்களா?" என்பார்களாம். முதலில் குழுவிலிருந்து எடுத்தார்கள், பிறகு கோப்பு பார்க்கிற அறைக்கு மாற்றினார்கள், பிறகு அவனே கிளம்பி வந்துவிட்டான். காயல் வாயில், அந்த நிலத்தில், ஓலைக் குடிசை போட்டுத் தனியாக இருக்கிறான். துறைமுகம் வரவேண்டிய இடத்தில் இரண்டு வாழையும் ஒரு கோழியும் இருக்கின்றன.

போன மாதம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தோளில் ஒரு அரிசி மூட்டை. அண்ணி பாய் முடைந்துகொண்டிருந்தாள், நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். மூட்டையை இறக்கிவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தான். மெலிந்துவிட்டான், தாடி நரைத்துவிட்டது. கொடுத்த வாயைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். அவளாக மனசு வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் எதுவும் கேட்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது, அந்த நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணி முடைவதை நிறுத்தவில்லை. மூட்டையைப் பார்த்தாள். அவன் வயிற்றைப் பார்த்தாள்.

"மேரே, சோறு இருக்கா?"

"இருக்கு."

"போடு. சாப்பிடட்டும்," என்றாள். பிறகு அவனைப் பார்த்தாள். "சாப்பிடுறதுக்கு மட்டும் தர்றேன் அண்ணே. சாப்பிட்டு முடிச்சதும் திருப்பிக் குடுத்துட்டுப் போ."